யான், டான், டெதர்

2025 ஆகஸ்ட்ல ஒரு ராத்திரி லண்டன்ல இருக்கிற என் சித்தி பையன் வாட்ஸப்ல ஒரு வீடியோ அனுப்பினான். வடக்கு இங்கிலாந்துல நார்த் யார்க் மூர்ஸ்னு சொல்ற மேட்டு நிலம், அதுல லாங்டேல் மூர்ங்கிற பக்கம் தீ. மலை முதுகு முழுக்க புகை, நடுவுல ஆரஞ்சு கலர்ல நெளிஞ்சு நெளிஞ்சு ஒரு கோடு. இரண்டாம் உலகப்போர் சமயத்துல அங்க ராணுவம் பயிற்சி எடுத்திருக்கு, அப்போ மண்ணுக்குள்ள தங்கிப்போன குண்டெல்லாம் இப்போ சூடு பட்டு வெடிக்குதுன்னு நியூஸ்ல சொன்னாங்க. ஃபோன எடுத்துட்டு அம்மா ரூமுக்குப் போனேன். அம்மாவுக்கு 84 வயசு. கண்ணாடியத் தேடிப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவ பார்த்தாங்க, அப்புறம் கேட்ட முதல் கேள்வி, "காத்து எந்தப் பக்கம் அடிக்குதாம்? ஆட்டையெல்லாம் கீழ எறக்கிட்டாங்களாமா?"

பாளையங்கோட்டையில மச்சு வீட்டுல உக்காந்துட்டு, அந்த ஊர விட்டு வந்து 44 வருஷத்துக்கப்புறம், ஆட்டப் பத்திக் கேக்குறாங்க. அன்னைக்குத்தான் இத எழுதிடணும்னு தோணுச்சு.

அப்பா டாக்டர். 1972ல இங்கிலாந்து போனாரு, ரெண்டு வருஷம் பெரிய டவுன்ல ஆஸ்பத்திரி வேல, அப்புறம் 1974ல ஒரு கிராமத்து டாக்டருக்கு வயசாயிடுச்சு, கூட ஒருத்தர் வேணும்னு கேட்டாங்க, போயிட்டாரு. அந்தக் காலத்துல நம்ம ஊர், பாகிஸ்தான், இலங்கை டாக்டருங்க இல்லன்னா இங்கிலாந்துல எத்தனையோ கிராமத்துக்கும் சுரங்க ஊர்களுக்கும் டாக்டரே கிடைச்சிருக்க மாட்டாங்க, உள்ளூர் டாக்டருங்க போக விரும்பாத இடத்துக்குத்தான் இவங்க போனாங்க. எனக்கு அப்போ அஞ்சு வயசு. ஊர் பேரு வேண்டாம், அதே நார்த் யார்க் மூர்ஸ்ல ரோஸ்டேல் பக்கத்துல ஒரு பள்ளத்தாக்கு, முப்பது நாப்பது கல் வீடு, ஒரு சர்ச், ஒரு பப், ஒரு ஸ்கூல், குறுக்க ஒரு ஓடை. ஓடைன்னா அங்க 'பெக்', பள்ளத்தாக்குன்னா 'டேல்'. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி கடல் தாண்டி வந்த வைக்கிங்குங்க விட்டுட்டுப்போன வார்த்தைங்க இதெல்லாம்னு ஸ்கூல்ல சொல்லிக்குடுத்தாங்க, டான்பிங்கிற ஊர் பேருக்கு அர்த்தமே டேன்காரங்க ஊருன்னுதான்.

மூர்னா என்னன்னு சொல்லிடறேன், ஏன்னா நம்ம ஊர்ல அதுக்கு நேரான நிலம் கிடையாது. டேல்ல இருந்து ரோடு செங்குத்தா ஏறும். ரோஸ்டேல்ல சிம்னி பேங்க்னு ஒரு ஏத்தம் இருக்கு, மூணடி போனா ஒரு அடி ஏறும், அப்பாவோட கார் அதுல முக்கி முனகித்தான் போகும். ஏறி முடிச்சதும் சட்டுன்னு மரமே இருக்காது. வேலி இருக்காது, வீடு இருக்காது. முழங்கால் உயரத்துக்கு ஹீதர் புதரு, அங்கங்க சதுப்பு, அதுல வெள்ளைப் பஞ்சு மாதிரி ஆடுற புல்லு, மேல வானம். அவ்ளோதான். நாங்க முதல் தடவ மேல போனது நவம்பர் மாசம். எல்லாமே பழுப்பு, கருப்பு, சாம்பல். அம்மா கார விட்டு எறங்கவே இல்ல, "எரிச்சு விட்ட காடு மாதிரில்லா கெடக்கு"ன்னாங்க.

காலண்டர்ல, பிஸ்கட் டின் மூடியில எல்லாம் மூர்னா ஊதா ஹீதர் பூவாத்தான் போடுவாங்க. அது வருஷத்துல மூணு நாலு வாரம். ஆகஸ்ட்ல ஆரம்பிச்சு செப்டம்பர் முதல் வாரத்துல முடிஞ்சிடும். மத்த பதினோரு மாசமும் பழுப்புதான், அந்தப் பழுப்புல எத்தன வகை இருக்குன்னு அங்க வளந்தவங்களுக்குத்தான் தெரியும். மழை பெஞ்சு முடிஞ்சதும் பிராக்கன் ஃபெர்ன் செங்கல் கலர்ல பத்திக்கிட்ட மாதிரி நிக்கும், மார்ச்ல காஞ்ச புல்லு கிட்டத்தட்ட வெள்ளையாயிடும், பீட்னு செடி மக்கிச் சேந்த மண்ண வெட்டினா உள்ள கடும் காப்பி டிகாக்ஷன் கலர். எனக்கு ஊதாவவிட அந்தப் பழுப்புதான் பிடிக்கும், இன்னைக்கும்.

அம்மா அங்க ஒட்டினது எப்படின்னா, ஒரு வாசத்தால. அடுத்த வருஷம் ஏப்ரல், நல்ல வெயிலு, அம்மாவும் நானும் மூர் ஓரமா நடந்து போறோம், அங்க கார்ஸ்னு ஒரு முள்ளுப்புதரு, மஞ்சளாப் பூக்கும், உள்ளூர்ல 'வின்'னு சொல்லுவாங்க. அம்மா நடந்துட்டே இருந்தவங்க நின்னுட்டாங்க. மூக்க உறிஞ்சாங்க. சுத்தி முத்தி பார்த்தாங்க. "யாரோ தேங்காண்ணெய் காய்ச்சுறாங்க"ன்னாங்க. அந்த இடத்துலேர்ந்து அரை மைலுக்கு வீடே கிடையாது. நானும் மோந்து பார்த்தேன், நிஜமாவே தேங்காய் வாசம். பூவுக்குள்ளேர்ந்துதான் வருது. கார்ஸ் பூ வெயில்ல சூடானா அப்படி ஒரு வாசம் வரும், அது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான், ஆனா மூணு வருஷமா அம்மா வீட்ட மறந்து இருக்கப் பழகிட்டிருந்தவங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. முள்ளு கையில குத்த குத்த ஒரு பிடி பூவப் பறிச்சு முந்தானையில முடிஞ்சிக்கிட்டாங்க. கோட்டுக்குக் கீழ எப்பவும் சேலைதான். அன்னைக்கு ராத்திரி சமையல் ரூம்ல அந்தப் பூ ஒரு கிண்ணத்துல இருந்துச்சு. அதுக்கப்புறம் அம்மா அந்த ஊரப் பத்தி ஒரு குறை சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல, குளிரத் தவிர.

அப்பாவோட கிளினிக்குக்குப் பின்னாடி ஒரு சின்ன ரூம்ல மருந்து குடுப்பாங்க. பக்கத்துல மருந்துக்கடை இல்லாத கிராமங்கள்ல டாக்டரே மருந்தும் குடுக்கலாம்னு அங்க ஒரு ஏற்பாடு. அம்மா அந்த ரூம்ல உதவிக்குப் போக ஆரம்பிச்சாங்க. பெரிய ஜாடியிலேர்ந்து மாத்திரையக் கொட்டி முக்கோண வடிவத்துல ஒரு தட்டு, அதுல ஒரு தட்டைக் கரண்டியால தள்ளித் தள்ளி எண்ணணும். முதல்ல அம்மா ஒண்ணு ரெண்டு மூணுன்னு தமிழ்லதான் எண்ணுவாங்க. அது எப்படி மாறுச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி ஆட்டு மாமாவப் பத்தி சொல்லணும்.

எங்க வீட்டுக்குப் பின்னாடி பண்ணை. அந்தப் பெரியவருக்கு அப்போ அறுபது வயசு இருக்கும், வெளியில எல்லாரும் மிஸ்டர் போட்டுத்தான் கூப்பிடுவோம், வீட்டுக்குள்ள எங்களுக்கு அவர் ஆட்டு மாமா. நல்ல உசரம், தொப்பி, கையில ஆட்டுக்கொம்பு பிடி வச்ச கம்பு, பின்னாடி கருப்பு வெள்ளையா ஒரு நாய். தெருவுல பார்த்தா "நவ் தென்"னு ஒரு வார்த்த. இதுல 'இப்போ', 'அப்போ' ரெண்டும் இருக்கு, ஆனா அர்த்தம் 'என்ன, சவுக்கியமா'ன்னுதான். அப்பா முதல் வருஷம் அதுக்கு மேல ஏதோ சொல்ல வர்றாருன்னு நின்னு காத்துட்டு இருப்பாராம். ஒண்ணும் வராது. அவங்க பேச்சு அப்படித்தான், கணக்கா இருக்கும். ஆனா மதியம் கதவத் திறந்தா வாசப்படியில ஆறு முட்டை இருக்கும், யார் வச்சாங்கன்னு சொல்லவே மாட்டாங்க.

அவரோட ஆடுங்க ஸ்வேல்டேல் ஜாதி. கருப்பு மூஞ்சி, மூக்குல மட்டும் மாவு பூசின மாதிரி வெள்ளை, முறுக்கின கொம்பு. மூர்ல வேலியே கிடையாதுன்னு சொன்னேன்ல, அப்போ பத்துப் பண்ணை ஆடு எப்படிக் கலக்காம இருக்கு? கம்பளியில ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு சாயக்குறி உண்டு, ஆனா அது அடையாளத்துக்கு மட்டும்தான். ஆட்ட நிறுத்தி வைக்கிறது வேற ஒண்ணு. அத 'ஹெஃப்ட்'னு சொல்லுவாங்க. ஒரு தாய் ஆடு எந்தச் சரிவுல மேயுதோ அந்தச் சரிவுலயேதான் அதோட குட்டியும் மேயும். எந்தப் பாறைக்குப் பின்னால காத்து அடிக்காது, எந்தச் சதுப்புல கால் மாட்டும், எந்த ஊத்து கோடையிலயும் வத்தாது, எல்லாம் தாய்க்குப் பின்னாடி நடந்தே குட்டி கத்துக்கும். அது அதோட குட்டிக்கு. இப்படியே பல தலைமுறையாப் போகுது. அதனால பண்ணைய வித்தா அந்த மந்தையையும் சேத்தேதான் விப்பாங்க, புது ஆட்டக் கொண்டாந்து விட்டா அதுங்களுக்கு எல்லை தெரியாது, தொலைஞ்சு போயிடும். 2001ல கோமாரி நோய் வந்து வடக்கு இங்கிலாந்துல மந்தை மந்தையா ஆட்டக் கொன்னாங்க. அந்த நியூஸ டிவியில பார்த்துட்டு அம்மா, "இனிமே யார் அதுங்களுக்கு வழி சொல்லிக்குடுப்பா"ன்னு கேட்டது இன்னும் காதுல இருக்கு.

ஆட்டு மாமா எண்ணுறதுக்கு வேற பாஷை வச்சிருந்தாரு. யான், டான், டெதர், மெதர், பிப். அதாவது அஞ்சு வரைக்கும். பத்துக்கு டிக், பதினஞ்சுக்கு பம்ஃபிட், இருபதுக்கு ஜிகிட். இருபதுக்கு மேல கிடையாது. இருபது ஆனதும் ஒரு கூழாங்கல்ல பாக்கெட்ல போட்டுட்டு மறுபடியும் யான். கடைசியில கல்ல எண்ணினா மந்தை கணக்கு வந்துடும். இது இங்கிலீஷ் வர்றதுக்கு முன்னாடி அந்த மண்ணுல பேசின பழைய கெல்டிக் பாஷையோட எச்சம்னு சொல்லுவாங்க, அதோட சொந்தக்கார பாஷையான வேல்ஷ்ல இன்னும் அஞ்சுக்கு 'பிம்ப்'தான். அவரும் நிஜக் கணக்குக்கு சாதாரண இங்கிலீஷ்தான் எண்ணுவாரு, இது அவங்க தாத்தா எண்ணினதாம், குழந்தைங்களுக்கு சொல்லிக்குடுக்கிறதுக்காக வச்சிருந்தாரு. வாசல் கேட்ல என்ன உக்கார வச்சு ஆடு ஒவ்வொண்ணா தாண்டும்போது சொல்லச் சொல்லுவாரு. தப்பா சொன்னா ஒண்ணும் சொல்ல மாட்டாரு, நாய் என்னத் திரும்பிப் பார்க்கும், அவ்ளோதான்.

நான் வீட்டுக்கு வந்து அதையே பாடிட்டு இருப்பேன். ஒரு மாசத்துல அம்மா மருந்து ரூம்ல மாத்திரைய யான், டான், டெதர்னு தள்ள ஆரம்பிச்சிட்டாங்க. வெளிய பெஞ்சுல காத்திட்டிருந்த ஒரு வயசான அம்மா, முதல் தடவ எங்கப்பாவ தன்ன தொட்டுப் பார்க்கவே விடாதவங்க, இதக் கேட்டுட்டு எந்திரிச்சு உள்ள எட்டிப் பார்த்திருக்காங்க. சேலை கட்டின ஒரு பொம்பளை தன் பாட்டி எண்ணின மாதிரி எண்ணிட்டு இருக்கா. அவங்க அழுதுட்டாங்கன்னு அம்மா சொன்னாங்க. அடுத்த வாரம் அப்பாகிட்டயே காட்டிக்கிட்டாங்க.

ஸ்கூலப் பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணும் இல்ல. ரெண்டு ரூம், இருபத்தி சொச்சம் பிள்ளைங்க, ஒரு டீச்சர், ஒரு கரி அடுப்பு. சின்னப் பிள்ளைங்களுக்கு காலையில ஒரு பைன்ட்ல மூணுல ஒரு பங்கு பால், குட்டி கண்ணாடி பாட்டில்ல. குளிர்ல பால் உறைஞ்சு மூடியத் தள்ளிட்டு வெளிய வந்து நிக்கும், அதுக்கு முன்னாடியே நீலத் தலைக்காரி ப்ளூ டிட் குருவி வந்து ஃபாயில் மூடியக் கொத்தி மேல இருக்கிற ஏட்டக் குடிச்சிருக்கும். எந்த பாட்டில்ல ஓட்டை இருக்கோ அதுக்குத்தான் சண்ட. குருவி குடிச்ச மீதியக் குடிச்சா நல்லதுன்னு எங்களுக்குள்ள ஒரு நம்பிக்க.

வாரத்துல ஒரு நாள் விட்பியிலேர்ந்து மீன் வண்டி வரும். அம்மா காட் மீன வாங்கி, ஊர்லேர்ந்து பார்சல்ல வந்த புளியக் கரைச்சு குழம்பு வைப்பாங்க. அந்த வாசத்துக்குத் தெருவே திரும்பும். யாரும் முகஞ்சுளிச்சது கிடையாது, அது என்னன்னு கேட்டுட்டு கிண்ணத்தோட வந்தவங்கதான் உண்டு.

கல் சுவர் பத்தி சொல்லியே ஆகணும். மூருக்கும் வயலுக்கும் நடுவுல மைல் கணக்கா கல் சுவர் ஓடும், சிமெண்ட் கிடையாது, சுண்ணாம்பு கிடையாது, மண்ணு கூட கிடையாது. வெறும் கல்லு. முக்கால்வாசி 18ஆம், 19ஆம் நூற்றாண்டுல நிலத்தப் பிரிச்சப்போ கட்டினது. ஒரு தடவ குளிர்காலம் முடிஞ்சு எங்க தோட்டத்துச் சுவர் ஒரு ஆள் நீளத்துக்கு சரிஞ்சிடுச்சு, ஆட்டு மாமா வந்து கட்டினாரு, நான் பக்கத்துல கல் எடுத்துக் குடுத்தேன். அப்போதான் தெரிஞ்சுது, அது ஒரு சுவர் இல்ல, ரெண்டு. உள்ளே சாஞ்ச மாதிரி ரெண்டு வரிசை, நடுவுல சின்னச் சின்னக் கல்லா அடைப்பு, அந்த அடைப்ப 'ஹார்ட்டிங்'னு சொல்லுவாங்க, அதாவது சுவரோட நெஞ்சு. பாதி உயரத்துல ரெண்டு பக்கத்தையும் சேத்துப் பிடிக்கிற மாதிரி நீளக் கல்லு குறுக்கே படுக்கும். ஒவ்வொரு கல்லும் கீழ ரெண்டு கல்லு மேல உக்காரணும், இல்லன்னா சந்து நேர்க்கோடா ஓடி பிளந்துடும். கையில எடுத்த கல்ல திரும்பக் கீழ போடக் கூடாது, அதுக்கு ஒரு இடம் இருக்கு, கண்டுபிடிக்கணும்னாரு. அவர் கல்லத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறத நான் அம்மா தோசைக்கல்லப் பாக்குற மாதிரின்னு நினைச்சுப்பேன், சூடு வந்துச்சா இல்லையான்னு கைக்குத் தெரியும்ல, அது மாதிரி. கீழ முயல் போக ஒரு சின்னத் துவாரம் விட்டாரு. முயலுக்கு எதுக்குன்னு கேட்டேன். விடலன்னா அது தோண்டிட்டுப் போகும், சுவர் விழும்னாரு. அந்தத் துவாரத்துக்கு 'ஸ்மூட்'னு பேரு.

இத ஏன் இவ்ளோ சொல்றேன்னா, மூரப் பார்க்க வர்றவங்க அது என்னமோ மனுஷன் கை படாத இடம்னு நினைச்சுட்டுப் போறாங்க. எனக்கு அதுல உடன்பாடே இல்ல. அங்க மரம் இல்லாததே மனுஷன் பண்ணின வேலை, ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடியே வெட்ட ஆரம்பிச்சிட்டான், உச்சியில நிக்கிற மண்மேடெல்லாம் அந்த வெண்கலக் காலத்து ஆளுங்க செத்தவங்களப் புதைச்ச மேடு. ஹீதர் இளசா இருக்கணும்னு குளிர்காலத்துல பட்டை பட்டையா கொளுத்தி விடுவாங்க, தளிர்தான் க்ரௌஸ் கோழிக்குச் சாப்பாடு, ஆகஸ்ட் 12ல வேட்டை ஆரம்பிக்கும். அந்தக் கோழி "கோ பேக், கோ பேக்"னு நம்மள விரட்டுற மாதிரி கத்தும். இன்னைக்கு அந்தக் கொளுத்துறது சரியா தப்பான்னு பெரிய சண்டை நடக்குது, பீட் மண்ணுக்கு அது கெடுதல்னு ஒரு பக்கம், கொளுத்தாம விட்டா காய்ஞ்ச புதரு சேந்து பெருந்தீ வரும்னு இன்னொரு பக்கம். ரோஸ்டேல்ல 1856லேர்ந்து 1926 வரைக்கும் இரும்புக்கல் தோண்டினாங்க, சில நூறு பேர் இருந்த பள்ளத்தாக்குல இருபது வருஷத்துக்குள்ள கிட்டத்தட்ட மூவாயிரம் பேர். மூர் உச்சியில ரயிலே ஓடுச்சு, 1929ல நிறுத்தினாங்க. நாங்க விளையாடினது அந்தத் தண்டவாளம் பிடுங்கின பாதையிலயும், கல்லச் சுட்ட சூளைகளோட பெரிய பெரிய வளைவுங்களுக்குக் கீழயும்தான். சத்தம் எல்லாம் அடங்கி புல்லு மூடின இடம் அது.

தீ. 1976 கோடை. இங்கிலாந்துல அப்படி ஒரு வறட்சி பார்த்ததே இல்லைன்னாங்க, பெக்ல தண்ணி நூலா ஓடி அப்புறம் அதுவும் நின்னுடுச்சு. ரோஸ்டேல் மூர், கிளெய்ஸ்டேல் மூர் பக்கம் தீப்பிடிச்சது. மேல புதரு எரிஞ்சா அது ஒரு நாள் ரெண்டு நாள்ல முடிஞ்சிடும், ஆனா கீழ பீட் இருக்கு, அது செடி மக்கி மக்கி ஆயிரக்கணக்கான வருஷமா சேந்த மண்ணு, காஞ்சா விறகு. தீ அதுக்குள்ள எறங்கிடுச்சு. மேல பார்த்தா ஒண்ணும் தெரியாது, கால வச்சா செருப்பு உருகும். பண்ணைக்காரங்க, பப்புல நிக்கிறவங்க, பாதிரியார், எல்லாரும் மண்வெட்டியும் விளக்குமாறுமா ஏறினாங்க. அப்பாவுக்கு கண்ணு எரியுற ஆளுங்களப் பார்த்தே பொழுது போச்சு. ரொட்டி, சீஸ், டீ எல்லாம் பொம்பளைங்க கீழேர்ந்து அனுப்பினாங்க. அம்மா சீஸ் சாண்ட்விச்ல தன்னோட ஊறுகாயத் தடவி ஒரு கூடை அனுப்பினாங்க. முகமெல்லாம் கரியா ஆட்டு மாமா எறங்கி வந்தப்போ கேட்டது, "அந்தக் காரமான சமாச்சாரம் இன்னும் இருக்கா?"

மழை வந்துதான் அணைஞ்சுது. எரிஞ்ச இடம் நாங்க ஊர விட்டு வர்ற வரைக்கும் மொட்டையாத்தான் கிடந்துச்சு, மண்ணே எரிஞ்சுபோன இடத்துல செடி எங்கேர்ந்து வரும். ஆராய்ச்சிக்காரங்க பல வருஷம் வந்து அளந்துட்டே இருந்தாங்க.

அந்த ஊறுகாய் எதுல போட்டதுன்னு சொல்லணும். நம்ம ஊர் ஸ்கூல் புக்ல நெல்லிக்காய்க்கு இங்கிலீஷ்ல கூஸ்பெரின்னு போட்டிருக்கும். அம்மா அத நம்பி, பக்கத்து வீட்டுல கூஸ்பெரி செடி இருக்குன்னு தெரிஞ்சதும் ஓடிப் போனாங்க. பார்த்தா அது வேற. முள்ளுச்செடி, காய் பச்சையா, மேல நரம்பு நரம்பா கோடு, லேசா ரோமம். கடிச்சா புளிப்பு, துவர்ப்பே இல்ல, தண்ணி குடிச்சா இனிக்கவும் இல்ல. ஆனா பச்சைக் காயோட புளிப்பு ஊறுகாய்க்குத் தாங்கும்னு அம்மாவுக்கு தோணிடுச்சு. காம்பு கிள்ளி, ரெண்டா வகுந்து, உப்புல போட்டு, பார்சல்ல வந்த மிளகாத்தூள், நல்லெண்ணெய், பெருங்காயம். ரெண்டு வாரத்துல கண்ணாடி மாதிரி ஆகி எண்ணெய் மேல நின்னுச்சு. இப்பவும் அது மாதிரி ஒரு ஊறுகாய் நான் சாப்பிட்டதில்ல.

கொஞ்ச தூரத்துல எக்டன் பிரிட்ஜ்னு ஒரு ஊர், அங்க 1800லேர்ந்து வருஷா வருஷம் ஆகஸ்ட் முதல் செவ்வாய்க்கிழமை கூஸ்பெரி போட்டி நடக்குது. பெரிய காய் யாருதுன்னு பார்க்கிறதுதான் போட்டி. கோழிமுட்டை அளவுக்கு வளப்பாங்க, இப்போ 60 கிராம் தாண்டி எல்லாம் வந்துடுச்சு. எட்டு வயசுல அப்பா கூட்டிட்டுப் போனாரு. நகைக்கடைத் தராசு மாதிரி ரெண்டு தட்டு வச்ச தராசு, தம்மாத்துண்டு படிக்கல்லு, ட்ராம், கிரெய்ன்னு பழைய கணக்கு. ஒரு பெரியவர் காய ரெண்டு விரலால எடுத்து வைக்கிறாரு, ஹால் முழுக்க மூச்சு விடுற சத்தம் கேக்குது, தட்டு ஆடி ஆடி நிக்குற வரைக்கும் ஒருத்தரும் பேசல. தங்கத்துக்கு நம்ம ஊர்ல பொம்பளைங்க முகத்துல பார்க்கிற அதே பார்வைய அந்த ஆம்பளைங்க முகத்துல பார்த்தேன். அப்பா வண்டியில வரும்போது சொன்னாரு, "ஒரு காய்க்கு இவ்ளோ மரியாத குடுக்கிற ஜனங்க நல்ல ஜனங்கதான்."

இன்னொரு கல்லு. மூர் மேல ரோடு ஓரத்துல ஃபேட் பெட்டின்னு ஒரு பழைய சிலுவைக் கல், குட்டையா குண்டா இருக்கும், வெள்ளை அடிச்சிருப்பாங்க. அந்தப் பக்கம் நடந்து போறவங்க அதுல ஏதாச்சும் தின்பண்டம் வச்சிட்டு, முன்னாடி போனவங்க வச்சதுல ஒண்ணு எடுத்துக்கணும். கொஞ்சம் தள்ளி ரால்ஃப் கிராஸ்னு ஒண்ணு, உசரமா, அதோட தலையில காசு வைப்பாங்க, இல்லாதவங்க எடுத்துக்கட்டும்னு. அம்மா ஃபேட் பெட்டியப் பார்த்த உடனே, "நம்ம சுமைதாங்கிக் கல்லு மாதிரி"ன்னு சொல்லி, கையில இருந்த கடலை மிட்டாய வச்சு, கன்னத்துல போட்டுக்கிட்டாங்க.

கதைங்களும் அப்படித்தான். பக்கத்து டேல் ஃபார்ன்டேல்ல ஒரு 'ஹாப்', அதாவது நம்ம குட்டிச்சாத்தான். ஒரு பண்ணை வீட்டுல இருந்துட்டு பால மோராக்கும், மாட்ட அவுத்து விடும், தாங்க முடியாம அந்தக் குடும்பம் ஒரு நாள் சாமானெல்லாம் வண்டியில ஏத்திக்கிட்டுக் கிளம்புது. வழியில ஒருத்தர், என்னப்பா, வீடு மாத்துறீங்களான்னு கேக்குறாரு. பண்ணைக்காரர் வாயத் திறக்குறதுக்குள்ள வண்டியில இருந்த வெண்ணெய் கடையிற பீப்பாய்க்குள்ளேர்ந்து ஹாப் தலைய நீட்டி, "ஆமா, நாங்க வீடு மாத்துறோம்"னுச்சாம். அவர் வண்டியத் திருப்பி வீட்டுக்கே போயிட்டாரு, இதுவும் கூடவே வரும்னா பழைய வீடே மேல்னு. அம்மா இதக் கேட்டு, "சனியன் கூடவே வரும்னு எங்க ஆச்சி சொல்லும்"னாங்க. ஆட்டு மாமாவோட வீட்டம்மா அத இங்கிலீஷ்ல சொல்ல வச்சு மூணு தடவ கேட்டாங்க.

1979 ஜனவரி, பிப்ரவரி பனி. ராத்திரி ஒரு பிரசவக் கேஸ்னு அப்பா போனாரு, கார் பாதியில மாட்டிக்கிச்சு. ரோடு எதுன்னே தெரியல, சுவரோட மேல்கல்லு மட்டும் ஒரு கோடா தெரியுது, அதப் பிடிச்சிட்டே நடந்து போயிருக்காரு. ஆட்டு மாமா ட்ராக்டர எடுத்துட்டு பின்னாலயே போயி ரெண்டு பேருமா போய்ச் சேந்தாங்க. குழந்தை நல்லபடியா பிறந்துச்சு. அப்பா விடிஞ்சு வந்து அடுப்பு முன்னால உக்காந்து கைய நீட்டினது, விரலெல்லாம் நீலம், அம்மா ஒண்ணும் பேசாம தேங்காண்ணெய் தேய்ச்சு விட்டது, எல்லாம் அப்படியே இருக்கு.

அதுக்கப்புறம் நாலாவது நாள் என்னையும் கூட்டிட்டுப் போனாங்க, ஆட்டத் தோண்ட. காத்து அடிச்சா ஆடு சுவர் ஓரமா ஒதுங்கும், பனி அங்கதான் வந்து குவியும், அப்படியே மூடிடும். நீளக் கம்பால குத்திக் குத்திப் பார்ப்பாங்க, நாய் மோந்துட்டு நின்னு ஒரு இடத்துல கால் போடும். அந்த இடத்துல பனி மேல ஒரு சின்ன ஓட்டை, என் விரல் போற அளவு, ஓரமெல்லாம் லேசா மஞ்சள். கீழ இருக்கிற ஆட்டோட மூச்சு உருக்கின ஓட்டை. என்னக் கைய வைக்கச் சொன்னாரு. வெதுவெதுன்னு மூச்சு வந்துச்சு. சுத்திலும் எலும்பக் குத்துற குளிரு, அந்த ஓட்டையில மட்டும் சூடு, கம்பளி வாசம். தோண்டினா உள்ள ஒரு குகை மாதிரி, மூணு ஆடு நெருங்கிப் படுத்திருக்கு, பசியில ஒண்ணு இன்னொண்ணோட கம்பளிய மென்னுருக்கு. வெளிச்சம் பட்டதும் முதல் ஆடு என்னப் பார்த்த பார்வை எனக்கு மறக்கவே மறக்காது, கண்ணுல பாப்பா நீளவாக்குல படுத்திருக்கும்ல ஆட்டுக்கு, அதுல பனி தெரிஞ்சுது. ஆட்டு மாமா சன்னமா எண்ணினாரு. யான், டான், டெதர்.

1981ல தாத்தாவுக்கு முடியாமப் போச்சு, ஊருக்கு வந்துட்டோம். நான் ஒரே ஒரு தடவ, 2014ல, திரும்பப் போனேன். ஸ்கூல் இப்போ லீவுக்கு வர்றவங்களுக்கு வாடகைக்கு விடுற வீடு. தெருவுல பாதி வீடு அப்படித்தான், வார நாள்ல ஜன்னல்ல வெளிச்சமே இல்ல. மூர்ல கர்லூன்னு வளைஞ்ச மூக்குப் பறவை, வசந்தத்துல வந்து சலசலன்னு கொதிக்கிற மாதிரி ஒரு குரல்ல கூப்பிடும், நாங்க இருந்தப்போ அது இல்லாத காலையே கிடையாது, நான் இருந்த ரெண்டு நாள்ல ஒரு தடவதான் கேட்டேன். ஆட்டு மாமா சர்ச் தோட்டத்துல இருக்காரு. அவர் கட்டின சுவர் நிக்குது. குனிஞ்சு பார்த்தேன், ஸ்மூட் அப்படியே இருக்கு, வாயில புது முயல் புழுக்கை.

கார்ஸ் பூ நம்ம ஊட்டியிலயும் இருக்கு, தெரியுமா? வெள்ளைக்காரங்க கொண்டாந்து வச்சது, இப்போ அங்க பரவி புல்வெளிய அழிக்குது, பிடுங்கிட்டு இருக்காங்க, பிடுங்க வேண்டியதுதான். ஆனா அம்மாவ ஒரு தடவ கூட்டிட்டுப் போனப்போ ரோடு ஓரத்துல கார நிறுத்தச் சொல்லி, எறங்கி, கண்ண மூடிட்டு நின்னாங்க. கேரளாவுக்குப் போற லாரிங்க ஹாரன் அடிச்சிட்டே போகுது, அவங்க நிக்கிறாங்க.

அன்னைக்கு ராத்திரி அந்தத் தீ வீடியோவ நாலாவது தடவ பார்த்துட்டு ஃபோன என்கிட்ட குடுத்தாங்க. மேசையில மாத்திரை டப்பா. பிரஷருக்கு ஒண்ணு, சுகருக்கு ரெண்டு, எலும்புக்கு ஒண்ணு, தைராய்டுக்கு ஒண்ணு, மறுநாளைக்கு எடுத்து வைக்கணும். நான் வைக்கிறேன்னேன். வேண்டாம்னுட்டு உள்ளங்கையில கொட்டி, ஆள்காட்டி விரலால ஒவ்வொண்ணா ஓரமாத் தள்ளினாங்க.

"யான், டான், டெதர், மெதர், பிப்."